இன்னும் பதிமூன்று மணி நேரம்

அலமாரிக்குள் தலையை விட்டு, சுருட்டி வைத்திருந்த துண்டின் மேல் காதை வைத்துக் கேட்டாள் தமயோ.

"பாடுதா?" என்றார் படுக்கையிலிருந்து இசாமு.

"பாடுதுப்பா."

"ரெண்டு பக்கமும்?"

"ரெண்டு பக்கமும்தான்."

"கோடு போட்டுடு. மறந்துடாத."

மெத்தை மடித்து வைக்கும் அந்த அலமாரியில், துண்டில் சுற்றிய புது ஹெட்போன் மூன்று வாரமாகத் தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்தது. வாங்கின கையோடு அதைக் காதில் மாட்டிவிடக் கூடாதாம். உள்ளே இருக்கிற மெல்லிய சவ்வு விறைப்பாக இருக்குமாம். பல மணி நேரம் பாடவிட்டால்தான் இளகி, குரலைக் குரலாகத் தருமாம். இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் ஷிசுவோக்கா நகரில் நிறையப் பேர். ஆளுக்கொரு கணக்கு வைத்திருப்பார்கள். இசாமுவின் கணக்கு இருநூறு மணி. அதுவும் பகலில் மட்டும். இரவில், ஒலியைக் கூட்டித் தரும் ஆம்ப்புக்கும் ஓய்வு வேண்டும் என்பார்.

மணிக்கு ஒரு கோடு, ஐந்து கோடு சேர்ந்தால் 正 என்று ஒரு ஜப்பானிய எழுத்து. அலமாரிக் கதவில் ஒட்டிய தாளில் முப்பத்தேழு எழுத்துகள் முடிந்திருந்தன. முப்பத்தெட்டாவதில் தமயோ இரண்டாம் கோட்டைப் போட்டாள். நூற்று எண்பத்தேழு.

சற்றுமுன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே டாக்டர் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். "சாயங்காலம் தாண்டாதும்மா. பக்கத்திலேயே இருங்க."

சமையலறையில் கினுயே, இசாமு குடிக்கப்போவதில்லை என்று தெரிந்தும் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இப்பவே காதுல மாட்டி விட்டுடலாமா?"

"யாரு, உங்கப்பாவுக்கா? கல்யாணத்துக்கு மொத நாள் கையப் பிடிங்கன்னேன். 'நாளைக்குத்தானே'ன்னுட்டாரு. அந்த மனுஷன் பதிமூணு மணி நேரத்தை விட்டுக்குடுப்பாரா?"

முப்பத்தெட்டு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர் இசாமு. தாமதமாக எடுத்த நாள் உண்டு; ஒரு நிமிடம் முன்னதாக எடுத்த நாள் கிடையாது. முன்னால் எடுத்தால், நேரத்தை நம்பி ஓடி வருகிறவர் பஸ்ஸைத் தவறவிடுவாரே என்பார்.

போன வருடம் மாடி வீட்டுக்கு ஒரு நர்ஸ் குடிவந்தாள். இரவில் வேலை, பகலில் தூக்கம். அது தெரிந்த வாரமே, இடுப்பு உயர ஸ்பீக்கர்கள் இரண்டையும் விற்றுவிட்டார். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாடிப்படியில் பார்த்தால், "நல்லாத் தூங்கினியாம்மா?" என்று மட்டும் கேட்பார். பழைய ஆம்ப்பில் சாதாரண ஹெட்போனைச் செருகி ஒரு வருடம் ஓட்டினார். "குரல் இருக்கு, ஆளைத்தான் காணோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் இந்த நல்ல ஹெட்போனும், அதற்கென்றே தனி ஆம்ப்பும் வந்தன. கைப்பிடி அளவுப் பெட்டி. மேலே இரண்டு கண்ணாடிக் குழல்கள் இதமாக ஒளிரும். அவை வந்த நான்காம் நாள், அவர் படுக்கையில் விழுந்தார்.

தமயோ பால்கனிக்குப் போய், ஹெட்போன் விற்ற கடைக்காரர் ஓரிகுசிக்குப் போன் போட்டாள்.

"நூத்தி எண்பத்தேழு போதாதா, ஓரிகுசி-சான்?"

"நாப்பது வருஷமா கடை வச்சிருக்கேம்மா. அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. எனக்கு அம்பதுக்கும் இருநூறுக்கும் வித்தியாசமே தெரிஞ்சதில்ல." குரலைத் தாழ்த்தினார். "ஆனா அவரு காது வேற. அவருக்குத் தெரியும்."

உள்ளே வந்தாள். அப்பா கண்ணை மூடியிருந்தார். பென்சிலை எடுத்து, முப்பத்தெட்டாவது எழுத்தை முடித்தாள். முப்பத்தொன்பது. நாற்பது. பதிமூன்று கோடுகள். பள்ளிக்கூடத்தில்கூட அவள் இப்படிக் கள்ளத்தனம் செய்ததில்லை.

"அப்பா. இருநூறு ஆயிடுச்சு."

அவர் கண்ணைத் திறந்தார். "தாளைக் கொண்டா."

முகத்துக்கு நேரே பிடித்தாள். அவர் விரல் நுனி ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்தது. கடைசி மூன்றுக்கு வந்ததும் நின்றது.

"பஸ்ஸை முன்னாடியே எடுக்கச் சொல்ற."

தமயோ தாளைக் கீழே இறக்கினாள். கினுயே கையைத் துடைத்துக்கொண்டே வந்து அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"யாரும் ஓடி வரலீங்க. எல்லாரும் ஏறியாச்சு."

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏறியாச்சா?"

"ஏறியாச்சு."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன்."

"அப்ப கதவைச் சாத்து," என்றார்.

கல்யாணமான வருடம் வாங்கிய இசைத்தட்டைத் தமயோ உறையிலிருந்து எடுத்தாள். பியானோவும் ஒரு பெண் குரலும் மட்டும். முள் இறங்கியது. கினுயே இடது வலது பார்த்து, ஹெட்போனை அவருக்கு மாட்டிவிட்டாள். அறையில் ஒரு சத்தமும் இல்லை. மாடியில் அந்த நர்ஸ் தூங்கிக்கொண்டிருப்பாள்.

அவர் முகத்தை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு புருவம் ஏறியது.

"எச்சில் முழுங்குறா," என்றார், அவர்களுக்குக் கேட்க வேண்டுமே என்று உரக்க.

"யாருங்க?"

"பாடுறதுக்கு முன்னாடி. பயந்துக்கிட்டு முழுங்குறா. இத்தனை வருஷமா கேக்குறேன், இதுவரைக்கும் தெரியல." அவர் கண்ணோரம் நனைந்தது. "சின்னப் பொண்ணுடீ அவ."

பிறகு போர்வைக்குள் கால் பெருவிரல் மட்டும் தாளம் போட்டது. தட்டின் முதல் பக்கம் முடிய இரண்டு பாட்டு இருக்கும்போது, தமயோ குனிந்து, ஒரு பக்கத்தைச் சற்றே விலக்கி, "எப்படிப்பா இருக்கு?" என்றாள்.

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"குரல் மேல போறப்ப கொஞ்சம் விறைப்பு இருக்கு," என்றார். "இன்னும் பதிமூணு மணி நேரம் போனா சரியாயிடும்."

கினுயே சிரிக்க ஆரம்பித்தாள். தமயோவுக்கும் சிரிப்பு வந்தது. இருவரும் முழங்கால் தொட உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமலே அவரும் உதட்டோரம் சிரித்தார். விலக்கினதைக் காதில் சரியாக வைக்கும்படி கையைக் காட்டினார்.

இரண்டாம் பக்கத்தின் நடுவில் பெருவிரல் நின்றது. கினுயே பார்த்துவிட்டாள். முள் தட்டின் உள்வட்டத்துக்குப் போய்த் தானாக எழும்பும்வரை ஹெட்போனைக் கழற்ற விடவில்லை.

இறுதிச் சடங்குக்காக உடம்பைத் துடைத்து, வெள்ளைக் கிமோனோ உடுத்திவிட வந்த பெண், அவர் முகத்தருகே மண்டியிட்டாள். காதுகளைச் சுற்றி, கன்னத்தில் பாதியும் கழுத்தோரம் பாதியுமாக, லேசான வட்டப் பள்ளம் பதிந்திருந்தது.

"அம்மா, இந்தத் தடம் இனிமே போகாது. பவுடர் போட்டு மறைச்சிடட்டுமா?"

"வேணாம்மா," என்றாள் கினுயே. "அது இருக்கட்டும்."

அந்தப் பெண் தலையசைத்தாள். நெற்றியிலிருந்து இறங்கிய பவுடர்ப் பஞ்சு, வட்டத்தின் ஓரத்தில் ஒரு கணம் நின்று, அதைத் தொடாமல் மெல்லச் சுற்றிக்கொண்டு போனது.