நெவெஸ்தா என்ற ஒரே சொல்

வலதுகால் அந்தரத்தில் நிற்கிறது, மேளம் இன்னும் இறங்கச் சொல்லவில்லை, ஒரு கையில் கைக்குட்டை, மறு கையில் மாமியார் தெஸ்பாவின் விரல்கள், அவளுக்குப் பின்னால் கைகோத்து நீளும் ஊர்ப் பெண்கள், குனிந்த கண்களுக்குச் செருப்புகள் மட்டுமே தெரிகின்றன, எங்கள் மாசிடோனிய மலைகளில் புது மணப்பெண் முதன்முதலாக வரிசையின் தலையில் நின்று ஆடும் நடனம் இது, நிமிர்ந்தால் திமிர், விரைந்தால் அவசரக்காரி, தடுமாறினால் வீட்டுக்கு ஆகாதவள், பாத்து வைடீ, மண்ணுக்கு வலிக்கப்போவுது என்று ஒருத்தி, ஆடறாளா தூங்கறாளா என்று இன்னொருத்தி, நான் சிரிக்கவில்லை, நல்ல நெவெஸ்தா என்றாள் தெஸ்பா, எங்கள் மொழியில் மணப்பெண்ணும் நெவெஸ்தா, மருமகளும் நெவெஸ்தா, அண்ணன் மனைவியும் நெவெஸ்தா, அன்று அந்தச் சொல் இனித்தது, மாமனார் அனுமதிக்கும்வரை நெவெஸ்தா பெரியவர்கள் முன்னால் வாய் திறக்கக் கூடாது, அதனால் அடுத்த வாரமே என் கணவன் த்ராயான் சம்பாதிக்க ஆஸ்திரேலியாவுக்கென்று பேருந்து ஏறியபோது போகாதே என்று நான் சொல்லவில்லை, அன்று பனி பெய்ததா, பெய்வதாகக் கனவு கண்டேனா, அந்தப் பேருந்து இன்னும் கிளம்பிக்கொண்டே இருக்கிறது, இனி பேசலாம்மா என்று மாமனார் சொன்னபோது பேச ஆள் இல்லை.

அண்ணன் அங்கே வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துறான் என்று கொழுந்தன் சோதிர் ஊறுகாய் மிளகாயைக் கடித்தபடி சொன்னான், அப்பா வீட்டுக்குப் போகிறேன் என்றேன், நெவெஸ்தா எங்கடி போவா என்றாள் தெஸ்பா, பாதி அதட்டல், பாதி கெஞ்சல், இருந்துவிட்டேன், என்னைப் பெயர் சொல்லி அழைத்த அப்பாவும் செத்துப்போனார், இன்று சோதிரின் மகனுக்குக் கல்யாணம், அந்தச் சொல் புதியவளுக்குப் போய்விடும், என் பெயர் எனக்குத் திரும்பும் என்று காத்திருக்கிறேன், நெவெஸ்தா என்று தெஸ்பா கூப்பிட, புதுப்பெண் ரோஸாவும் நானும் சேர்ந்தே திரும்பினோம், நீ இல்லம்மா, அந்தக் கிழட்டு நெவெஸ்தா, ரொட்டி கருகுதான்னு போய்ப் பாருடி, எல்லோரும் சிரித்தார்கள், ரோஸா மட்டும் என்னருகே வந்து, உங்க பேரு என்ன பெரியத்தை என்றாள், வாயைத் திறந்தேன், அதற்குள் சோதிர், நெவெஸ்தான்னே கூப்பிடு, எங்களுக்கே மறந்துபோச்சு என்றான், மேளம் எழுந்தது, ரோஸா வரிசையின் தலையில் நின்றாள், நான் கடைசியில் கைகோத்தேன், வலதுகால் அந்தரத்தில் நிற்க, நிமிர்ந்து, என் பெயரை உரக்கச் சொன்னேன், மேளச் சத்தம் அதை விழுங்கியது, பக்கத்திலிருந்தவள் காதைச் சாய்த்தாள், என்ன, மெதுவா ஆடவா என்றாள், ஆமா என்றேன்.