அம்மாவை ஃபெயிலாக்கிய கதை

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மதிப்பெண்ணுக்காக என் அம்மாவை ஒரு டெஸ்டில் தோற்கடித்தேன். அதுவும் இங்கிலீஷில். அதைச் சரிக்கட்டத்தான் இப்போது தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என் பெயர் தேவமலர். வீடு புலாவ் செபாங் பக்கம், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில். மலாக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் (பெயர் வேண்டாம், பட்டம் இன்னும் கைக்கு வரவில்லை) ஆங்கில இலக்கியமும் படைப்பெழுத்தும் கடைசி வருடம் படிக்கிறேன். "அத படிச்சா டீச்சர் வேலையா?" என்று கேட்காத ஆள் எங்கள் தோட்டத்தில் இல்லை. கதை எழுதக் கற்றுக்கொள்கிறேன் என்றால், "அதுக்கு மூணு வருஷமா?" என்பார்கள். நியாயமான கேள்விதான்.

2.

முதல் தொடக்கம்: "செம்பனை மரங்களின் நடுவே சூரியன் மெல்ல—"

வேண்டாம். எங்கள் தோட்டத்தில் சூரியன் எதையும் மெல்லச் செய்ததில்லை.

இரண்டாவது: "தோட்டப்புறத் தமிழரின் கண்ணீர் வரலாற்றில்—"

வேண்டவே வேண்டாம். இப்படித் தொடங்கினால் என் வகுப்பில் கைதட்டுவார்கள், அதுதான் பிரச்சினையே.

மூன்றாவது: "மலர்க்கொடி நான்காவது முறையாக லெசென் டெஸ்டுக்குப் போனாள்."

இது தேவலை. (லெசென் என்றால் ஓட்டுநர் உரிமம்.) மலர்க்கொடி என் அம்மா. 'போனாள்' என்று எழுதக் கை கூசுகிறது. ஆங்கிலத்தில் அந்தக் கூச்சமே வரவில்லை. அங்கே அம்மாவுக்கும் பசுமாட்டுக்கும் ஒரே 'ஷீ'தான். அவரைத் தோற்கடிப்பது அவ்வளவு சுலபமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். (சாக்குச் சொல்கிறேன். நீங்கள் நம்ப வேண்டியதில்லை.)

3.

நடந்தது இதுதான். அம்மா ஆறு வருடம் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார். வெட்டிப்போட்ட செம்பனைக் குலைகளைப் பின்வண்டியில் ஏற்றி ரோட்டோரம் கொண்டுவந்து சேர்ப்பது வேலை. டிராக்டர் ஓட்டுபவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நிமிடத்துக்கு ஒருமுறை கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பார்கள், குலை விழுந்துவிட்டதா என்று.

கார் டெஸ்டிலும் அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தார். பின் சீட்டில் குலை இல்லை என்பது அவருக்குத் தெரியும். கழுத்துக்குத் தெரியவில்லை. "மக்சிக், முன்னால் பாருங்கள்" என்று டெஸ்ட் எடுத்த மலாய்க்காரர் கெஞ்சினாராம் (மக்சிக் என்றால் அத்தை). மூன்று முறையும் ஃபெயில்.

நான்காவது டெஸ்டுக்கு முன்னால் அம்மா ஒரு காரியம் செய்தார். இரண்டு வாரம் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் டிராக்டர் ஓட்டினார். குலைகள் வழியெல்லாம் விழுந்தன. வேலை முடிந்ததும் வந்த வழியே நடந்துபோய் ஒவ்வொன்றாகத் தூக்கிவந்தார். ஒரு குலை இருபது கிலோ.

நான்காவது முறை பாஸ். பிறகு வேன் லெசெனும் எடுத்தார். மூன்று வருடமாகத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார்.

4.

இதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி வகுப்பில் கொடுத்தேன். எங்கள் வகுப்பில் ஒரு சட்டம். உன் கதையைப் பற்றி மற்றவர்கள் இருபது நிமிடம் பேசுவார்கள். அதுவரை நீ வாயைத் திறக்கக் கூடாது. செத்த வீட்டில் செத்தவர் மாதிரி கிடக்க வேண்டும்.

"ரொம்ப ஈசியா ஜெயிச்சுடறாங்க" என்றான் ஒருவன். ("இருபது கிலோடா!" என்று கத்த நினைத்தேன். சட்டம்.) "எஸ்டேட் லைஃப்னா ஒரு வலி வேணும்ல?" என்றாள் இன்னொருத்தி. வகுப்பை நடத்தும் டாக்டர் சாலிஹா பாச்சாங்கில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள். தமிழ் நன்றாகத் தெரியும். ஆனால் எங்களிடம் ஒரு சொல் தமிழ் பேசியதில்லை. அவரும் ஆங்கிலத்தில், "இந்த மலர்க்கொடியை என்னால் நம்ப முடியவில்லை" என்றார்.

வீட்டுக்குப் போய் நானும் சந்தேகப்பட ஆரம்பித்தேன். பெற்ற அம்மாவையே! முடிவை மாற்றினேன். நான்காவது முறையும் ஃபெயில். ரோட்டோரக் கால்வாய்த் திட்டில் உட்கார்ந்து அம்மா அழுகிறார். பத்து நிமிட வேலை. 'அருமை' என்று குறிப்பு எழுதி, இறுதி வாசிப்புக்கு அந்தக் கதையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

5.

இறுதி வாசிப்புக்கு நாற்பது மதிப்பெண். கோலாலம்பூரிலிருந்து தேர்வாளர் வருவார். கொடுத்த பிரதியை அப்படியே வாசிக்க வேண்டும். மாற்றினால் மதிப்பெண் போகும். குடும்பத்தினரை அழைத்து வரலாம்.

அழைப்பை அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அம்மா அதைக் கோயில் செயலாளர் நல்லமுத்து மாமாவிடம் காட்டியிருக்கிறார். மண்டபம், மைக், மேடை. எங்கள் ஊரில் இந்த மூன்றும் சேர்ந்தால் அது பரிசளிப்பு விழா. பள்ளி வேனில் பன்னிரண்டு பேர் வந்து இறங்கி முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். யாரும் தடுக்கும் முன் நல்லமுத்து மாமா மேடையேறி, சிறப்பு விருந்தினர் என்று நினைத்து, மதிப்பெண் தாளும் கையுமாக இருந்த தேர்வாளருக்குப் பொன்னாடை போர்த்தினார். இன்னும் மார்க் போடாதவருக்குப் பொன்னாடை போட்டால் அதை லஞ்சம் என்றும் சொல்லலாம். தேர்வாளர் அதை எடுப்பதா வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் ஏசியில் அப்படியே இருந்தார்.

வாசித்தேன். 'மலர்க்கொடி' என்ற பெயர் வந்ததும் பதினோரு பேரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டார். ஆங்கிலம் அவருக்கு அவ்வளவாக வராது. ஆனால் 'ஃபெயில்' தெரியும். மூன்று முறை நேரில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

கடைசிப் பக்கத்தில் அந்தச் சொல் நான்காவது முறையாக வந்தது. அம்மா எழுந்தார்.

"தேவா, நிறுத்து. யாரு ஃபெயிலு?"

"அம்மா... அது கதைம்மா."

"கதைனா என் பேர ஏன்டி போட்ட? நாலாவது தடவ நான் பாஸ் லா!"

"நாங்க எல்லாம் அக்கா வேன்லதான் வந்தோம் டீச்சர்" என்று நல்லமுத்து மாமா எழுந்து சாட்சி சொன்னார். "வெளிய நிக்குது, வேணும்னா வந்து பாருங்க."

டாக்டர் சாலிஹா ஆங்கிலத்தில், "கொடுத்த பிரதியை வாசித்து முடி, தேவமலர். மாற்றினால் எனக்கு வேறு வழியில்லை" என்றார். மிரட்டவில்லை. உண்மையாகவே எனக்காகப் பயந்தார்.

அம்மா இன்னும் நின்றுகொண்டிருந்தார். கோபம் இல்லை. 'நீயுமா நம்பல?' என்பதுபோல் பார்த்தார். அதைத் தாங்க முடியவில்லை.

தாளை மடித்து வைத்துவிட்டேன்.

விழுந்த குலைகளின் கதையைத் தாள் இல்லாமல் சொன்னேன். ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில், அதையே தமிழில் முதல் வரிசைக்கு. என் குரல் அவ்வளவு பெரியது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

முடித்ததும் டாக்டர் சாலிஹா தமிழில் கேட்டார்: "அக்கா, அவ்ளோ குலையையும் இருட்டுறதுக்குள்ள தூக்கி முடிச்சீங்களா?"

"எங்க முடிஞ்சிச்சு?" என்றார் அம்மா. "பாதிக்கு மேல தூக்க முடியல. கூட வேல செஞ்ச ஹரிதாஸ் அப்பாவும் நாலஞ்சு பேரும் சொல்லாமலே வந்து தூக்கிப் போட்டாங்க. எனக்கு லெசென் வந்தா எல்லார் புள்ளையும் வேன்ல போவும்ல?"

இது எனக்கும் தெரியாது! மகளாக இருந்தும், மூன்று வருடம் படித்தும், கதையின் நடுவில் இருந்த விஷயமே தெரியாமல் எழுதியிருக்கிறேன். ஹரிதாஸின் அப்பா முதல் வரிசையில்தான் இருந்தார். வெட்கப்பட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் கைதட்டியவர் பொன்னாடையோடு இருந்த தேர்வாளர். பிறகு மண்டபம் முழுக்க எழுந்துவிட்டது. நான் மைக் முன்னால் நின்று சத்தமாக அழுதேன், அப்படியொரு சந்தோஷம்.

6.

மதிப்பெண் இன்னும் வரவில்லை. மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) நாற்பதுக்கு நாற்பது. (எனக்கே நம்பிக்கை இல்லை.)

ஆ) பிரதியை மாற்றியதற்குப் பாதி மார்க் வெட்டு. டாக்டர் சாலிஹா தமிழில் வருத்தம் தெரிவிக்கிறார்.

இ) சட்டம் சட்டம்தான். அடுத்த வருடம் மறுபடியும் நான்—

இதில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது நீங்களே ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். என் மார்க்கை நீங்கள் போடலாம். ஃபெயிலே போட்டாலும் எனக்குச் சம்மதம். அம்மா மார்க்கில் மட்டும் யாரும் கை வைக்க வேண்டாம். அது ஏற்கெனவே போட்டாயிற்று.