பாதத்தில் ஒரு துடிப்பு

சாலைக் கடைத்தெருவில் பேச்சிமுத்துவின் நாரங்காவெள்ளத்துக்குத் தனி மவுசு. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, சிட்டிகை என்ற பெயரில் ஒரு கை உப்பை அள்ளிப் போடுவார். மயக்கமா, வயிற்றுப் பொருமலா, எதற்கும் அதுதான் மருந்து. பத்து வயது மகள் ஸ்ரீலக்ஷ்மிக்குத் தலை வலித்தபோதும் மூக்கில் ரத்தம் வந்தபோதும் அதையே கொடுத்தார். வெயில் சூடு என்று அவரே முடிவு கட்டியிருந்தார்.

சூடு இல்லை, ரத்த அழுத்தம் என்று டாக்டர் சபீனா சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பச்சப் புள்ளைக்கு எங்கயாவது பிரஷர் வருமா டாக்டர்? மெசின் கோளாறா இருக்கும்."

டாக்டர் அவர் விரலைப் பிடித்து மகளின் பாதத்தின்மேல் வைத்தார். "இவிடெ துடிப்பு இருக்கா, பாருங்க சேட்டா."

இல்லை. தன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார், இருந்தது. மறுபடி மகளின் பாதத்தில் அழுத்தித் தேடினார்.

நெஞ்சிலிருந்து இறங்கும் பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் இறுகிக் கால்களுக்குப் போகும் ரத்தத்தைத் தடுத்திருந்தது; அதையொட்டி பலூன்போல் வீங்கியும் இருந்தது. அழுத்தத்தைக் குறைத்த பிறகுதான் ஆபரேஷன். அதற்குள் வீக்கம் வெடித்தால் பிள்ளை பிழைக்காது.

ஆனால் மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்தும் அழுத்தம் இறங்குவதாக இல்லை. எப்படி இறங்கும்? பிள்ளை ஆஸ்பத்திரியில் வாடிக் கிடப்பதைப் பொறுக்காமல் பேச்சிமுத்து தினமும் பிளாஸ்க்கில் நாரங்காவெள்ளம் கொண்டுவந்து புகட்டிக்கொண்டிருந்தார். உப்பு கூடாது என்று டாக்டர் சொன்னது சோற்றுக்குத்தானே, மருந்துக்கு ஏது பத்தியம் என்பது அவர் கணக்கு!

ஒருநாள் டாக்டர் அந்தப் பிளாஸ்க்கைத் திறந்து ஒரு மிடறு குடித்தார். முகம் கோணிப்போயிற்று.

"எந்தா இது, விழிஞ்ஞத்துக் கடல்வெள்ளமா?"

"நம்ம கடை நாரங்காவெள்ளம், டாக்டர். தெம்புக்கு..."

"நான் இறக்க இறக்க நீங்க ஏத்தறீங்களே சேட்டா! மோள் வேணுமா, உப்பு வேணுமா?"

பேச்சிமுத்து வராந்தாவுக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அன்றோடு பிளாஸ்க் நின்றது. அழுத்தம் மெல்ல மெல்ல இறங்கியது. வீங்கிய பகுதியை வெட்டியெடுத்துப் புதுக்குழாய் வைத்துத் தைத்தார்கள்.

மறுநாள் உள்ளே விட்டபோது எல்லோரும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க, அவர் நேராகக் காலடிக்குப் போனார். பாதத்தில் விரலை வைத்தார். டக், டக் என்று விரலை முட்டித் தள்ளியது.

"துடிக்கி! டாக்டர், எம்புள்ளைக்குத் துடிக்கி!"

வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் அதட்டியதை அவர் காதில் வாங்கவே இல்லை.

"அப்பா, கூசுது கேட்டோ," என்று முனகினாள் ஸ்ரீலக்ஷ்மி. "வீட்டுக்குப் போனா நாரங்காவெள்ளம் தருவியா?"

"தாரேன் தாயி. சீனி போட்டுத் தாரேன்," என்றார், விரலை எடுக்காமலே.