ஸ்கேனுக்கு முன் குடித்த டீ

பேத்தி இக்ராவின் நிக்காஹ் முடியும்வரை என் நெஞ்சுவலி மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியக்கூடாது என்று மகன் ரஷீதிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். பெண்ணைப் பார்க்க வந்தபோதே எங்கள் வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்தவர்கள் அவர்கள். அதனால்தான் பரிசோதனையைத் திருப்பூரில் வைக்காமல் கோவையில் வைத்தோம்.

டாக்டருக்கு என் பேத்தி வயதிருக்கும். டிரெட்மில்லில் வேகமாக நடக்க என் முழங்கால் தாங்காதாம். மெதுவாக நடக்கவிட்டு, அப்போதே இதய ரத்தக்குழாயை விரிக்கும் மருந்தை ஊசியில் ஏற்றிப் படம் எடுப்பார்களாம். வெறும் மருந்தென்றால் குமட்டல் அதிகமாம், கூட நடந்தால் குறையுமாம். பெருமாநல்லூர் பனியன் கம்பெனியில் நாற்பது வருடம் நின்றே வேலை வாங்கியவனுக்கு நடக்க ஊசி துணை. முதல்நாளிலிருந்து டீ, காபி தொட்டால் மருந்து வேலை செய்யாது என்றும் எச்சரித்தார்.

ஒரு பகல், ஒரு இரவு டீ இல்லாமல் இருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் சேக்தாவூது நின்றிருந்தார், இக்ராவுக்கு மாமனாராக வரப்போகிறவர். சலவைச் சட்டை, ஊரையே தூக்கும் அத்தர். தெரிந்தவரைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். நானும் அதையே சொன்னேன். அந்தத் தெரிந்தவர் யாரென்று இருவருமே கேட்கவில்லை.

"ஒரு டீ சாப்பிடலாமுங்க பாய்," என்றார்.

சம்பந்தி வாங்கித் தரும் டீயை மறுத்தால் ஏதோ மனக்குறை என்று பேச்சு கிளம்பும். உண்மையைச் சொன்னாலோ குட்டு உடையும். குடித்தேன். அவரும் குடித்தார்.

ஏதோ சாக்குச் சொல்லி உள்ளே போனேன். நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டார், அடுத்து சேக்தாவூது பெயரை. என் பின்னாலேயே நின்றிருந்தார்! டீ குடித்தீர்களா என்று நர்ஸ் கேட்டதும் அவர் முந்திக்கொண்டார்.

"பச்சத் தண்ணி கூட இல்லீங்க கண்ணு."

தாடியில் டீத்துளி காயவில்லை. இந்த வாயை நம்பித்தான் பெண் கொடுக்கிறோம். ஆனால் பொய் சொல்லி நல்ல ரிசல்ட் வாங்கிப்போய், நிக்காஹ் மேடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவதும் ஒரு கௌரவமா?

"ரெண்டு பேருமே குடிச்சோமுங்க. இவருதான் வாங்கிக் குடுத்தாரு," என்றேன்.

இருவரையும் திருப்பி அனுப்பினார்கள். படியிறங்கும்போது அவர் குரல் தணிந்தது.

"ஊட்டுல சொல்லீராதீங்க பாய். பொண்ணு ஊட்டுக்காரங்களுக்குத் தெரிஞ்சா அசிங்கமுன்னுதான் மறச்சேன்."

"பொண்ணு ஊட்டுக்காரனே நாந்தானுங்க."

வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே காரில் போகிறோம். புதன்கிழமை முழுக்க அவரை டீக்கடைப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ளும் வேலையும் என் தலையில்தான்.