ஸ்பிரிட்டில் நனைத்த நூல்

ஆறாவது தடவையும் நூல் அறுந்து, இருநூறு கிராம் எடைக்கல் கீழே விரித்திருந்த பஞ்சில் தொப்பென்று விழுந்தது. ஊசியக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பதினெட்டு வருஷம் தையற்கடையில் குப்பை கொட்டியவள். இழை பிடிக்கிற கைக்காகவே இந்த ஆய்வகத்தில் வேலை கொடுத்தார்கள். இங்கே நூல் என்றால் பருத்தியும் இல்லை, பட்டும் இல்லை. தபால்தலை அளவு கறுப்புத் தகட்டில் கோடிக்கணக்கான கார்பன் நானோ குழாய்கள் புல் மாதிரி நெருக்கியடித்து நிற்கும். ஓரத்தைக் கிள்ளி இழுத்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டே வரும். முறுக்கினால் முடியைவிட மெல்லிய நூல். விமானத்தில் செம்புக் கம்பிக்குப் பதிலாக ஓடுமாம், செயற்கைக் கைக்குத் தசையாகுமாம். அதெல்லாம் பிறகு. இன்று சாயங்காலத்துக்குள் அந்தக் கல்லை ஒரு மணி நேரம் தாங்காவிட்டால் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டது மேலிடம்.

ஆய்வகத்தை நடத்தும் டாக்டரம்மா அறுந்த நூலை நுண்ணோக்கியில் பார்த்தார்.

"என்னக்கா இது, நடுவுல அறுந்திருக்கு, கோத்த நுனி மட்டும் இவ்ளோ இறுகிக் கிடக்கு?"

ஊசியக்கா தன் கையுறை விரலைப் பார்த்துக்கொண்டாள். காலையில் நுனியை உருளையின் துளையில் கோக்கும்போது, பழைய பழக்கம், கை தன்னால் அதை வாய்க்குக் கொண்டுபோனது. முகக்கவசம் தடுத்தது. சும்மா இருந்தாளா மகராசி? மேசை துடைக்கிற ஸ்பிரிட்டில் கையுறை விரலை நனைத்து நுனியை நீவிவிட்டாள். நூலை எதனாலும் நனைக்கக்கூடாது என்று சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறது. போன வருஷம் நனைத்தவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். வாயைத் திறந்தால் தன் வேலை போகும். மூடிக்கொண்டால் நுனி இறுகிய காரணம் தெரியாமலே மூன்று வருஷமாக இழுத்த இழையெல்லாம் போகும்.

"நாந்தாம்மா நனைச்சேன், ஸ்பிரிட்ல. தையற்காரி புத்தி எங்க போகும்? தப்புதான்."

டாக்டரம்மா மறுபடி நுண்ணோக்கியில் குனிந்து அந்த நுனியைப் பார்த்தார்.

"ஸ்பிரிட்டு காயுறப்போ குழாயையெல்லாம் சேத்து இறுக்கியிருக்கு, அதான் அந்த நுனி அறுபடல. இப்படி இறுகும்னு நானும் படிச்சிருக்கேன்க்கா. நம்ம நூலுக்கு ஆகாதுன்னு செஞ்சே பாக்காம நோட்டீஸ் ஒட்டினவ நான்!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "முழுசா நனைங்க. உங்க கையாலயே."

ஏழாவது நூல் ஸ்பிரிட்டுச் சொட்டுக்குள் புகுந்து வெளியே வந்து காய்ந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் கல்லை மாட்டினார்கள். இருபது நிமிஷம். நாற்பது. டாக்டரம்மா நகத்தைக் கடித்துத் தீர்த்துவிட்டார். ஒரு மணி நேரம் ஆனபோது இரண்டு பேருமே கத்தவில்லை. கத்தினால் எங்கே அறுந்துவிடுமோ என்று பயம்.

டாக்டரம்மா குறிப்பேட்டில் 'முறை கண்டவர்' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"உங்க முழுப் பேரு சொல்லுங்கக்கா."

இங்கே வந்ததிலிருந்து யாரும் கேட்காத கேள்வி. முதுகை நிமிர்த்தி, முன்னெழுத்தோடு, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். கண் மட்டும் பெட்டியைவிட்டு அகலவில்லை. உள்ளே நூல் இருப்பதே தெரியவில்லை. கல் மட்டும் அந்தரத்தில் நின்று, மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.