எழுப்பிவிடும் இருக்கை

அந்த அலுவலகக் கோபுரத்தின் முகப்புக் கூடம் காலையில் வரவேற்பறை, மதியம் கூட்டம் போடும் இடம், சாயங்காலம் விருந்து மண்டபம். ஒரே இடத்துக்கு மூன்று வேஷம். சுவர்கள் மடிந்தன, மேசைகள் சக்கரத்தில் ஓடின. வடிவமைத்தவள் கெட்டிக்காரிதான், அதில் குறை சொல்ல முடியாது. உட்கார்ந்த மனிதனை நகர்த்துவதுதான் பெரும்பாடாக இருந்தது.

“ஏசி காத்துல வந்து உக்காந்தா எவனும் எழுந்திருக்க மாட்டான். எழுப்பிவிட நான் ஆள் போட முடியாதும்மா. சீட்டே எழுப்பணும்,” என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். இது சரியாக வந்தால்தான் மேல்மாடி வேலைகளும் அவளுக்கு.

அவள் இருக்கையின் பலகையை முன்பக்கமாகச் சற்றே சரித்தாள். பார்த்தால் தெரியாது, உட்கார்ந்தால் தொடைக்குத் தெரியும். சோதிப்பதற்கு அப்பாவை அழைத்து வந்தாள். எங்கே உட்கார்ந்தாலும் வேர் விடுகிற மனிதர். அவரே எழுந்துவிட்டால் ஊரே எழுந்துவிடும். காரணத்தை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மகளுக்காகச் சீக்கிரமே எழுந்துவிடுவார் என்று கணக்குப் போட்டாள்.

அப்பா போட்ட கணக்கு வேறு. மகள் செய்ததைக் குறை சொல்ல அவருக்கு வாய் வருமா?

“எப்படிப்பா இருக்கு?”

“மெத்தை மாதிரி இருக்கும்மா.”

தச்சரிடம் சொல்லி இன்னும் சரித்தாள்.

“இப்ப?”

“பேஷ்!”

மறுபடி சரித்தாள். முழங்காலை இறுக்கி, விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வியர்வை வழிய அவர் சிரித்தபடியே இருந்தார். என் பிழைப்பில் மண்ணைப் போடவே வந்திருக்கிறார் என்று அவளுக்கு எரிச்சல் மூண்டது.

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். அவர் கேட்பதற்கு முன்பே அப்பா முந்திக்கொண்டார். “நாள் பூரா உக்காரலாம் சார். என் பொண்ணு செஞ்சது!”

முதலாளியின் முகம் சுருங்கியது. “அப்ப நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்.”

அப்போதுதான் அப்பாவின் தொடை நடுங்குவது கண்ணில் பட்டது. பாவம் என்று தோன்றவில்லை. பிழைத்தோம் என்றுதான் தோன்றியது.

“பொய் சொல்றார் சார். எழுந்து நடக்கச் சொல்லுங்க.”

“கொஞ்சம் பொறும்மா…” என்றார் அப்பா.

“எழுந்திருங்கப்பா!”

எழுந்தார். மரத்துப்போன கால் துவண்டு பளிங்குத் தரையில் பொத்தென்று விழுந்தார். இடுப்பில் ஏதோ முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. முதலாளி குனிந்து இருக்கையைத் தடவிப் பார்த்தார்.

“இதான் நான் கேட்டது. சரிவை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கோ. மாடி வேலையும் உனக்குத்தான்.”

தரையில் கிடந்தபடியே அப்பா கேட்டார்: “சாருக்குப் பிடிச்சிருக்காம்மா?”

“பிடிச்சிருக்குப்பா,” என்று சொல்லிவிட்டு, முதலாளியை வழியனுப்ப அவள் வாசல் வரை போனாள்.