சாதாவா, பவரா?

பவர் பெட்ரோல் வரும் குழாயின் கைப்பிடியில் ஒரு காலிச் சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். திங்கள்நகர் பக்கம் இந்த பங்க்கில் மட்டும்தான் பவர் கிடைக்கும் என்பதால், முட்டத்திலிருந்து வரும் அபினா வழியில் உள்ள பங்க்கைத் தாண்டி இங்கே வந்து நிரப்புவாள். "லோடு நாளைக்குத்தான் வரும்க்கா. சாதா அடிக்கட்டா?" என்று கேட்டாள் நீலச் சட்டை போட்ட பெண். பெட்ரோல் முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே கிடந்தது. மறுநாள் காலையில் கணவன் ஜெஃப்ரினை அழைத்துவர திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போகவேண்டும். பின்னால் ஓர் ஆட்டோ ஹாரன் அடித்தது. "செரி, சாதா" என்றாள் அபினா. சொன்னபிறகு, யாராவது கேட்டிருப்பார்களோ என்பதுபோல் ஒருமுறை சுற்றிலும் பார்த்தாள்.

ஜெஃப்ரின் போன விடுமுறையில் கொச்சியில் பார்த்து வாங்கிய ஜெர்மன் வண்டி அது. பழசுதான், ஆனால் தெருவில் நின்றால் தெருவே அதற்குத்தான் சொந்தம் என்று தோன்றும். அபினா முட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பதால், கணவன் தோஹாவில் இருக்கும் நாட்களில் அப்பா வீட்டில்தான் இருப்பாள்; வண்டியும் அங்கேயே நின்றது. கிளம்புவதற்கு முன் அவன் பெட்ரோல் மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த தாளைக் காட்டி, பவர் தவிர வேறெதுவும் கூடாது என்று சொன்னான். பிறகு மாமனார் சிலுவைதாசனிடம் திரும்பி, "மாமா, மீன் பெட்டிய மட்டும் உள்ள ஏத்திராதீங்க" என்று சிரித்தான். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. சிலுவைதாசனும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு, குளித்து, துவைத்த சட்டை போடாமல் அவர் அந்த வண்டியின் கதவைத் தொட்டதில்லை. அபினா இதைக் கவனித்திருந்தாள். அப்பாவிடம் கேட்டதில்லை.

வீட்டு முற்றத்தில் வண்டி வந்து நின்றதும் அவர் முதலில் கேட்டது பெட்ரோலைத்தான்.

"பவரு கெடச்சுதா மக்கா?"

"இல்லப்பா. சாதாதான் அடிச்சேன். ஒரு தடவைக்கு ஒண்ணும் ஆவாது, இஞ்சினே சமாளிச்சுக்கிடும்."

"நீ சொல்லுத. இப்ப சாதாவுல சாராயத்தக் கலக்கானுவளாம், கேட்டியா? சாராயம் குடிச்சவன் நேரா நடப்பானா?"

"நடந்த லெட்சணத்தப் பாத்தவ நான் இஞ்ச இருக்கேன், எங்கிட்ட கேளுங்க" என்றாள் அடுக்களையிலிருந்து அம்மா ரீத்தா.

அவர் சிரிக்கவில்லை. வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து, பெட்ரோல் மூடி இருக்கும் இடத்தில் கொஞ்சநேரம் நின்றார்.

காலையில் அபினா எழுந்தபோது சிலுவைதாசன் சாவியை வாங்கிக்கொண்டு போய் வண்டியைக் கழுவி முடித்திருந்தார். கண்ணாடிகளைப் பழைய வேட்டித் துணியால் துடைத்திருந்தார். வெள்ளைச் சட்டை இஸ்திரி மடிப்போடு இருந்தது. முன் இருக்கையில் கைகளை மடியில் வைத்து, அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி உட்கார்ந்தார்.

தக்கலை தாண்டும்வரை ஒன்றுமில்லை. மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறியபோது பின்னால் வந்த லாரி கண்ணாடியில் மங்கலாகத் தெரிந்தது. பிறகு தெரியவேயில்லை. பைக்கில் வந்த ஒருவன் பக்கத்தில் வந்து கண்ணாடியைத் தட்டினான். "அக்கா, ஊருக்கெல்லாம் கொசுமருந்து அடிக்கியளா?"

பாலம் இறங்கி ஓரமாக நிறுத்தினாள். வண்டியின் பின்புறம் நீலமும் வெள்ளையுமாகப் புகை நின்றது. அவளுக்கு அந்த வாசனையைத் தெரியும். வள்ளங்கள் புறப்படும் நேரத்தில் கரையில் நிற்கும் வாசனை.

"அது போயிரும் மக்கா" என்றார் சிலுவைதாசன். "ஆயிலு கொஞ்சம் கூடிப்போச்சு போல."

"என்ன ஆயிலு?"

"டூ-டி ஆயிலு. அரைக் குப்பிதான். சாதாதானே, இஞ்சின் காஞ்சு பிடிச்சிரப்பிடாதுல்லா."

அவருக்குத் தெரிந்த இஞ்சின் வள்ளத்தின் பின்புறம் மாட்டுவது. அதற்கு எண்ணெயை எரிபொருளிலேயே கலந்து விடவேண்டும். கலக்காவிட்டால் பிஸ்டன் இறுகி நின்றுவிடும். அப்படி நின்றுபோய், நீரோட்டம் இழுத்த பக்கமெல்லாம் ஒரு பகல் முழுக்க மிதந்தவர் அவர். கார் இஞ்சினுக்கு எண்ணெய் தனியே இருக்கிறது என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவையும் வந்ததில்லை.

அபினா தக்கலையில் வண்டி பழுது பார்க்கும் மரியானைப் போனில் கூப்பிட்டாள். "பொகை வரும், வேற ஒண்ணும் ஆவாது. பைய ஓட்டிட்டுப் போ, வந்தப்பொறவு டேங்க கழுவிரலாம்" என்றவன், "யாரு ஊத்துனது?" என்று கேட்டான். அவள் போனை வைத்தாள்.

பயம் வண்டியைப் பற்றியதாக இல்லை. மார்த்தாண்டத்தில் மாமியார் ஞானபாய் வீட்டுச் சாப்பாட்டு மேசை அவள் நினைவுக்கு வந்தது. கடப்புறத்து மாமா காருக்கு வள்ளத்து எண்ணெய் விட்ட கதை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அங்கே சொல்லப்படும். யாரும் வன்மமாகச் சொல்லமாட்டார்கள். பிரியமாகத்தான் சொல்வார்கள். அதற்கு எதிராக ஒன்றும் செய்ய முடியாது. அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

"அப்பா, அவரு கேட்டா நான் பேசிக்கிடுதேன். சாதா அடிச்சது நான். ஆயிலப் பத்தி நீங்க வாயே தொறக்காண்டாம்."

"நான் ஊத்துனதுக்கு நீ எதுக்கு ஏச்சு வாங்கணும்?"

"எனக்கு ஏச்சு ஒரு நாளோட போயிரும்."

நெய்யாற்றின்கரை வரும்வரை அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

விமான நிலையத்திலிருந்து வெளியே வந்த ஜெஃப்ரின் மெலிந்திருந்தான். "மாமா, நீங்களும் வந்தியளா" என்று சந்தோஷமாக மாமனாரின் தோளைப் பிடித்துக் குலுக்கினான். தூக்கம் வருகிறது என்று அவளையே ஓட்டச் சொல்லிவிட்டுப் பின் இருக்கையில் ஏறினான். அபினா இஞ்சினை இயக்கினாள். வண்டி நிறுத்துமிடம் முழுக்கப் புகை பரவியது. பெட்டி தள்ளிக்கொண்டு போன ஒரு குடும்பம் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது.

"என்ன அடிச்ச, அபி?"

"பவரு இல்ல. சாதா அடிச்சேன். தப்பு எம்மேலதான்."

"சாதாவுக்கு இப்பிடிப் பொகை வராதே."

அவன் கதவைத் திறந்து பின்னால் போனான். "அப்பா, இருங்க" என்றாள் அபினா. முன் கதவு அதற்குள் திறந்திருந்தது.

பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். ஜெஃப்ரின் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் குந்தி, விரலால் தொட்டு முகர்ந்துகொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை அவனுக்கு எதிரே வந்து, மடிப்புக் கலைய, தானும் குந்தியது. சிலுவைதாசன் ஏதோ சொல்லத் தொடங்கினார். கதவும் ஜன்னல் கண்ணாடிகளும் மூடியிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. ஜெஃப்ரினின் முகத்தைப் புகை மறைத்தது. அதற்கு மேலே அப்பாவின் வலது கை மட்டும் தெரிந்தது. வள்ளத்து இஞ்சினின் கயிற்றைச் சுண்டி இழுப்பதுபோல் அது பின்னோக்கிப் போயிற்று, திரும்பி வந்தது, மறுபடியும் போயிற்று.